கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

என் முழங்கை சுவிட்சில் பட்டு விளக்கு எரிந்துவிட்டது. நான் செய்த தப்பு அவ்வளவுதான்.

ஆனால் அது எரியக்கூடாத விளக்கு. ஆலோசனை அறைக்கும் நாங்கள் ஒளிந்து பார்க்கும் அறைக்கும் நடுவே பெரிய கண்ணாடி ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கம் இருட்டாக இருக்கும்வரை அவர்களுக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி. விளக்கு எரிந்தால் வெறும் ஜன்னல்.

அந்தப் பக்கம் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் நான் வாய் நிறைய பிஸ்கட்டோடு சிரித்துக்கொண்டிருந்தேன். அங்கே இருந்த இரண்டு பேருமே நன்றாகப் பார்த்துவிட்டார்கள்.

அவசரமாக அணைத்தேன். "என் ஜோக்குக்கு நானே சிரிச்சேன் மேடம். அவங்களைப் பாத்து இல்ல" என்றேன், பின்னால் உட்கார்ந்திருந்த பேராசிரியையிடம்.

"அவங்களைப் பாத்து இல்ல" என்றார் அவர்.

எதைக் கேட்டாலும் நாம் சொன்னதையே திருப்பித் தருவார். அதனால் நான் அவருக்கு வைத்த பெயர் கிணறு.

நான் படிப்பது முனைவர் பட்டத்துக்கு. மனநல ஆலோசகர்களை மேய்ப்பது எப்படி என்று ஒரு படிப்பு. நான் மாணவிகளை மேற்பார்வை பார்க்க, கிணறு என்னை மேற்பார்வை பார்க்கும். இழுக்கிற இழுப்பைப் பார்த்தால், ஒன்பதாவது படிக்கும் என் மகள் எனக்கு முன்னால் டாக்டராகிவிடுவாள் போலிருக்கிறது.

பருவம் முடியும்வரை என்னிடம் இரண்டு மாணவிகளாவது இருந்தால்தான் பட்டம். மற்றவர்கள் எல்லாம் வேறு மேற்பார்வையாளரிடம் ஓடிவிட்டார்கள், தொட்டாற்சிணுங்கிகள். மிச்சம் இந்த இரண்டு. இதில் ஒன்று கழன்றாலும் நான் அம்போ.

மிச்சச் சரக்கு எப்படி இருக்கும்? ஆலோசகர் நாற்காலியில் இருந்தவளுக்கு நான் வைத்த பெயர் டிஷ்யூ. எதிரில் இருப்பவர் அழுதாலும் டிஷ்யூ பெட்டியை நகர்த்துவாள், அழாவிட்டாலும் நகர்த்துவாள். ஆலோசனை கேட்டு வந்தவளாக உட்கார்ந்திருந்தது முணுமுணு. அவள் பேசுவது அவள் சட்டைக் காலருக்கே கேட்காது.

பயிற்சிக்காக இவர்களே மாறி மாறி அப்படி உட்கார வேண்டும். சொல்கிற கஷ்டம் நிஜமாக இருக்க வேண்டும். கஷ்டம் கொடுக்கிற ஆளை மட்டும் அடையாளம் தெரியாமல் மாற்றிக்கொள்ளலாம்.

"என் மாமனார்தான்" என்றாள் முணுமுணு. "நான் வாயைத் திறந்தாலே, 'அடேங்கப்பா, மேதை பேசுது'ங்கறார். ஆசையா எதையாவது செஞ்சு கொண்டுபோய் வெச்சா, ஓரமாத் தள்ளிட்டு கிண்டல் பண்றார். இந்த நிமிஷம்கூட எங்கயாவது உக்காந்து சிரிச்சிட்டுத்தான் இருப்பார்."

"அப்ப உங்களுக்கு எப்படி இருக்கும்?" என்று பெட்டியை நகர்த்தினாள் டிஷ்யூ.

"எப்படி இருக்கும்? ஐஸ்க்ரீம் சாப்பிட்ட மாதிரி இருக்கும்!" என்று தலையில் அடித்துக்கொண்டு கிணற்றின் பக்கம் சாய்ந்தேன். "மாமனாராவது மண்ணாங்கட்டியாவது. அது புருஷன், மேடம். சாயங்காலம் கேட்ல ஹெல்மெட்டோட நிப்பானே, அவன் முழியே சரியில்ல. கண்டுபிடிச்சேன் பாத்தீங்களா?"

"கண்டுபிடிச்சீங்க."

உள்ளே முணுமுணு தொடர்ந்தாள். "அவர் கெட்டவர் இல்ல. எனக்குக் காய்ச்சல்னா முதல்ல போன் பண்றது அவர்தான். ஆனா தினமும் அந்தக் கதவைத் திறக்கறதுக்கு முன்னாடி, திரும்பிப் போயிடலாமான்னு வெளியவே நிக்கறேன். நான் நிஜமாவே மக்குதானோன்னு தோண ஆரம்பிச்சிடுச்சு."

வாய்தான் எனக்குக் கொஞ்சம் நீளம், நெஞ்சு கல் இல்லை. பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு பெண்ணை இந்தப் பாடு படுத்துகிறானே, என்ன ஜென்மம் அவன்? இவளானால் அவனுக்கே வக்காலத்து வாங்குகிறாள்!

மைக்கைப் பிடித்தேன். நான் அதில் பேசுவது டிஷ்யூவின் காதில் மாட்டிய கருவியில் மட்டும் கேட்கும். "பெட்டியை விடும்மா. அந்த ஆளை விட்டு வெளிய வரச் சொல்லு. யோசிக்கவே வேணாம்னு சொல்லு."

டிஷ்யூ கண்ணாடியைப் பார்த்தாள். "நிஜமாவே சொல்லவா சார்?" என்று வாய்விட்டே கேட்டாள். காதில் கேட்டதற்கு வாயால் பதில் சொல்லக் கூடாது என்று எத்தனை தடவை படித்துப் படித்துச் சொல்லியிருப்பேன்!

"மனுஷனா அவன்? சொல்லு!"

சொன்னாள். முணுமுணு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சரி. வெளிய வந்துடறேன்." இந்தப் பருவத்தில் முதல் தடவையாக அவள் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா மேடம்? ஒரே ஒரு வாக்கியம், ஆளையே நிமித்திட்டேன். பாஸ்தானே?"

"பாஸ்தானேன்னு கேக்கறீங்க."

இந்தக் கட்டடத்தில் ஒருத்தராவது ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொன்னால் வாய் வெந்தா போய்விடும்? கிணற்றை நம்பிப் பிரயோஜனமில்லை என்று, அறை முழுக்கக் கேட்கிற ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தினேன்.

"சபாஷ்ம்மா! எடுத்த முடிவை ஆறப்போடாத. அந்த ஆளோட மூஞ்சிக்கு நேரா எப்ப சொல்லப்போற?"

முணுமுணு நாற்காலியைக் கண்ணாடிப் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப உங்ககிட்ட சொல்லிட்டேனே சார்."