யார் கூப்பிட்டாலும்

ஆல்வினா இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, அடிவயிற்றிலிருந்து ஊளையிட்டாள்.

புல்வெளிக்கு அப்பால், பைன் மரங்களுக்குள்ளிருந்து பதில் வந்தது. கீச்சுக் குரல்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு, சுருதியே சேராமல்.

குட்டிகள்!

இந்த ஐடஹோ மலையில் ஓநாய்களைப் பூண்டோடு சுட்டுத் தீர்த்து அறுபது வருடமாகிறது. வெளியிலிருந்து பிடித்துவந்து விட்ட ஜோடி குட்டி போட்டுவிட்டது. அவளுக்குக் கண் கலங்கியது.

"அடேயப்பா, நல்லாத்தான் கத்துற."

திரும்பினாள். குதிரை மேல் வெர்ன். மடியில் துப்பாக்கி.

அடிவாரத்து மாட்டுப் பண்ணைக்காரன். ஓநாய்களைக் காக்கிற அவளுக்குக் காபி ஊற்றக் கூடாது என்று ஊர் உணவகத்தில் சொல்லிவைத்தவன். அவள் வண்டி டயரைக் கிழித்தது யார் என்று ஊருக்கே தெரியும். கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

ஊளையிடுமுன் ஒருமுறை பின்னால் பார்த்திருக்க வேண்டும். ஓநாய் தேடுகிறவர்களுக்கு இதுதான் கேடு. காது முழுக்கக் காட்டுப் பக்கமே இருந்துவிடும்.

"இங்க என்ன வேலை உங்களுக்கு?"

"கொயோட்டி நரி சுட வந்தேன் தாயி. அதுக்கு ஒண்ணும் தடை இல்லையே? விடிஞ்சும் விடியாத வெளிச்சத்துல நரி எது, ஓநாய்க் குட்டி எதுன்னு இந்தக் கிழட்டுக் கண்ணுக்கு எங்க தெரியப்போகுது?"

ஓநாயைச் சுட்டால் சிறை. நரி என்று நினைத்துச் சுட்டேன் என்றால் வழக்கே நிற்காது. அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"வயர்லெஸ்ல சொல்லிடுவேன்."

"சொல்லேன். என்னன்னு சொல்லுவ? வெர்ன் குதிரை மேல உக்காந்திருக்கான்னா?" சிரித்தான். "நீ இருக்கிறப்ப சுட நான் என்ன மடையனா? எனக்கு அவசரமில்ல. நீ எப்படியும் கீழ இறங்கித்தானே ஆகணும்."

நாளைக் காலை அவள் இறங்கியாக வேண்டும். சாப்பாடு தீர்ந்துவிட்டது.

"அரசாங்கம் ஓநாயக் கொண்டாந்து எறக்குச்சு. மேய்க்கிறதுக்கு உங்க ஆளுங்களப் புடிச்சுப் போட்டுச்சு. பொருத்தமாத்தான் இருக்கு."

ஆல்வினா நெஸ் பெர்சே பழங்குடி. மாநிலம் ஓநாயைப் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்று கைகழுவியபோது அவர்கள்தான் ஏற்றுக்கொண்டார்கள். உன் பாட்டன் வருவதற்கு முன்னால் இந்தப் பள்ளத்தாக்கு யாருடையது என்று கேட்க வாயெடுத்தாள். கேட்டு என்ன ஆகப்போகிறது? விழுங்கிக்கொண்டாள்.

"வசந்தத்துல ஒரு கன்னுக்குட்டி. ஓநாய் பின்பக்கம் பூரா தின்னுட்டு உசிர மட்டும் விட்டுட்டுப் போயிருந்துச்சு. என் கையாலதான் சுட்டேன்." இதைச் சொன்னபோது மட்டும் அவன் குரலில் கேலி இல்லை.

பிறகு கடிவாளத்தைத் தொங்கவிட்டான். கைகளைக் குவித்து ஊளையிட்டான். குடிகாரன் பாட்டுப் போல இருந்தது அது.

குட்டிகள் அவனுக்கும் பதில் கொடுத்தன. அதே கீச்சுக் குரலில், அதே சந்தோஷத்தில்.

அந்த வயசு அப்படி. யார் கூப்பிட்டாலும் வரும்.

வெர்ன் பல்லைக் காட்டினான். நாளை இவன் கூப்பிட்டாலும் அவை ஓடிவரும். என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டதுதான் கொடுமை.

சரிவில் இறங்கிப் புல்வெளியின் நடுவில் போய் நின்றாள்.

இந்த முறை மெல்ல ஊளையிட்டாள். வேட்டையிலிருந்து வரும் தாய் கூப்பிடுவதுபோல.

ஐந்து குட்டிகள் மரங்களை விட்டு வெளியே வந்தன. ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, தங்கள் பாதமே தடுக்கி விழுந்து எழுந்து, அவளை நோக்கி ஓடி வந்தன. இவ்வளவு கிட்டத்தில் பார்க்கத்தான் அவள் இந்த வேலைக்கே வந்தாள்.

கைக்கெட்டும் தூரம் வரும்வரை விட்டாள். பிறகு கரடிக்காக இடுப்பில் வைத்திருந்த துப்பாக்கியை எடுத்து அவற்றின் காலடி மண்ணில் சுட்டாள். மறுபடி சுட்டாள். மண் தெறித்தது. நான்கு குட்டிகள் பிடித்தன ஓட்டம்.

ஒன்று போகவில்லை. கறுப்புக் குட்டி. புல்லோடு புல்லாக ஒட்டிக் கிடந்தது. சத்தம் நின்றதும் எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு அவளிடமே வந்தது.

ஆல்வினா மறுபடி ஊளையிட்டாள். அது மூக்கைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னது.

குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். விலாவைப் பார்த்து எறிந்தாள். பலமாகவே எறிந்தாள்.

குட்டி வீறிட்டது. நொண்டிக்கொண்டே மரங்களுக்குள் போய் மறைந்தது.

"அடிப் பாவி!" வெர்ன் குதிரையை விட்டு இறங்கியிருந்தான். "பச்சக் குட்டியப் போயி..."

"இப்பக் கூப்பிடு."

அவன் குட்டி போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கூப்பிடுய்யா!"

கூப்பிட்டான். புல்வெளி தாண்டி மலையில் மோதி அவன் குரலே திரும்பி வந்தது. இன்னொரு முறை கூப்பிட்டான். அதோடு விட்டுவிட்டான்.

அவன் கூப்பிட்டு வராவிட்டால் போதாது. யார் கூப்பிட்டாலும் வரக் கூடாது.

ஆல்வினா கைகளைக் குவித்தாள். தெரிந்த அத்தனை வாஞ்சையையும் குரலில் வைத்து, அந்தக் கறுப்புக் குட்டியைக் கூப்பிட்டாள். பதில் வந்துவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

வரவில்லை. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.