பிந்திய சிரிப்பு

வியாழன்தோறும் ரேடியோவில் வரும் நகைச்சுவை நிகழ்ச்சியைக் கேட்க, இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தில் பக்கத்து வீட்டு எத்தெல், வின்னி வீட்டுக்கு வந்துவிடுவாள். ஜெர்மனியோடு போர் தொடங்கியதிலிருந்து, வின்னியின் கணவன் ஹெர்பர்ட் போன கப்பலைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

அன்று நிகழ்ச்சி நடந்த லண்டன் அரங்கில் கூட்டம் சிரித்து ஓய்ந்தபின், ஒருவன் மட்டும் பிந்திச் சிரித்தான்.

"அடியே, இது உன் வீட்டு மந்தன் சிரிப்புடி! லண்டன்ல எவகூடவோ உக்காந்திருக்கான்."

"எவகூட இருந்தா என்னக்கா, உசுரோட இருந்தா போதும்" என்ற வின்னிக்குக் கண் நிறைந்துவிட்டது.

நிகழ்ச்சி முடிந்ததும், கடையில் சார்ஜ் ஏற்றக் கொடுப்பதற்காக ரேடியோவின் பேட்டரியைக் கழற்றிக் கையில் எடுத்தாள்.

"நாளைக்கே லண்டன் போறேன்க்கா."

பேட்டரி இல்லாத ரேடியோவுக்குள் அவன் நிகழ்ச்சியின் கடைசி ஜோக்குக்குச் சிரித்தான். பிறகு கடல் தண்ணீர் புரையேறியவன்போல் விடாமல் இருமினான்.