சந்தனம் காயாத மொட்டை

மலையிலிருந்து இறங்கி நேராகத் திருப்பதி தோல் டாக்டரிடம் வந்துவிட்டோம்.

மொட்டையில் பூசிய சந்தனம் இன்னும் காயவில்லை. அந்தத் தலையோடு உட்கார்ந்து, என் மாமியார் சந்திரம்மா என் முடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"போர் தண்ணிம்மா. அதுவும் இல்லாம எந்நேரமும் ஷாம்பு போட்டுக்கினு, ஹெல்மெட் மாட்டிக்கினு வண்டியில சுத்திக்கினு இருந்தா முடி எங்க நிக்கும்?"

டாக்டரம்மா என் தலையில் வகிடெடுத்துப் பார்த்தார். மண்டை வெளுத்துத் தெரிந்திருக்கும். லேசாக இழுத்தார். ஒரு கொத்து கையோடு வந்தது.

எல்லையோரத்தில் இருக்கும் எங்கள் ஊர் குடிபாலாவில் என் முடிக்கு வைத்தியம் சொல்லாத ஆளே இல்லை. வெங்காயச் சாறு என்றார்கள், விளக்கெண்ணெய் என்றார்கள். என் தலையில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றிய நாத்தனார் ரூபா, தன் தலைக்கு மட்டும் பார்லருக்குப் போவாள். எல்லாருக்கும் காரணம் தெரியும். தெரியாதவள் ஊரிலேயே நான் ஒருத்திதான்.

என் கணவர் சுதீரும் விட்டுவைக்கவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பதால் கொட்டுகிறதாம். பி.டெக். படித்த மூளை.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். தெலுங்கில் என்னிடம்தான் கேட்டார். மூன்று நான்கு மாதத்துக்கு முன்னால் உடம்புக்குப் பெரிதாக ஏதாவது வந்ததா? கடுமையான காய்ச்சல், ஆபரேஷன், பிரசவம்? அதுதான் காரணம் என்றால் முடி பெரும்பாலும் தானாகவே வளர்ந்துவிடும், காரணம் தெரியாமல் மருந்து எழுத மாட்டேன் என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

"ஒன்னும் இல்லம்மா."

சுதீர் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்தார். இத்தனை நாள் இத்தனை காரணம் சொன்ன வாய்கள்! எனக்குச் சிரிப்பு வந்தது.

"அஞ்சாவது மாசம் கலைச்சிட்டாங்கம்மா," என்றேன். "எல்லைக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கினு போய் ஸ்கேன் எடுத்தாங்க. பொண்ணுன்னு சொன்னாங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் மாமியாரைப் பார்த்தார். மாமியாரின் கை தலைக்குப் போனது. விரலில் சந்தனம் ஒட்டியது.

அந்த மொட்டை எதற்கு என்று டாக்டரம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன்.

அடுத்ததாவது பையனாகப் பிறக்க வேண்டும் என்று.