இடம் கிடைக்குமோ?

சிங்கப்பூர்க் கல்லூரி அலுவலகத்தில் சாம்பசிவம் சீனியர் கேம்பிரிட்ஜ் பள்ளியிறுதித் தேர்வுச் சான்றிதழை நீட்டினார்.

"இந்தப் பிள்ளைக்கு இடம் கிடைக்குமோ?"

குமாஸ்தா வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "அஞ்சு பாடத்துல டிஸ்டிங்ஷன்! கண்டிப்பா கிடைக்கும். திங்கக்கிழமை பிள்ளைய நேர்ல வரச் சொல்லுங்க."

சாம்பசிவம் தலையாட்டிவிட்டு ஜொகூர் பாருவுக்கு ரயிலேறினார்.

முந்தாநாள்தான் மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன்னுருக்கினார்கள். இனிக் கல்யாணம்வரை மணப்பெண் படி தாண்டக்கூடாது. மகள் அன்னலட்சுமி கதவுக்கு உள்ளேயே காத்து நின்றாள்.

"என்னவாம் ஐயா? நான் போகக் கேக்கேல்ல. கிடைச்சிருக்குமோ எண்டு தெரிஞ்சால் போதும்."

சாம்பசிவம் செருப்பைக் கழற்றக் குனிந்தார்.

"இல்லையாம் பிள்ளை. உந்தப் புள்ளி காணாதாம்."

"அப்ப நல்லது ஐயா. நான் இழக்க ஒண்டுமில்லை."

கல்யாணம் பேசிய நாளிலிருந்து அன்றுதான் அவள் சிரித்தாள்.