முதல் வெட்டு

கோடாரிகளைப் பார்த்ததும் மயிலாள் ஓடிப்போய்ப் புளியமரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள்.

மரம் வெட்ட வந்த நாலு பேரும் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு அவள் புருஷன் ஆறுச்சாமியைப் பார்த்தார்கள். கட்டின பெண்டாட்டியை அவர்தானே எழுப்ப வேண்டும்!

அவள்தான் முந்திக்கொண்டாள்.

“மரத்தைச் சாச்சுப்போட்டா எம் பையன் எதைப் பாத்துட்டு பஸ்ஸை உட்டு எறங்குவான்? சொல்லுங்க, எதைப் பாத்துட்டு எறங்குவான்?”

நியாயமான கேள்விதான்.

மகன் தெய்வசிகாமணி கோபித்துக்கொண்டு போனது எண்பத்தாறில். டவுன் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகாமல் சினிமாவுக்குப் போனான் என்று அப்பன் கை நீட்டிவிட்டார். மத்தியானச் சோற்றை விட்டு எழுந்தவன்தான். பதினேழு வயசு ரோஷம், கேட்க வேண்டுமா?

அப்போது முதலிபாளையம் ரோட்டில் சோளக்காட்டையும் ஆட்டுப்பட்டியையும் விட்டால் வேறொன்றும் கிடையாது. எட்டு வருஷத்தில் எல்லாம் தலைகீழ். பனியன் கம்பெனி, அதை ஒட்டி இன்னொரு பனியன் கம்பெனி, அதற்குப் பின்னால் லைன் வீடுகள். கிணற்றை மூடியாகிவிட்டது. மண்ரோடு தார்ரோடாகி வேறு பக்கம் வளைந்துவிட்டது. உள்ளூர்க்காரனுக்கே வழி தப்புகிறது.

மாறாமல் நிற்பது இந்தப் புளியமரம் ஒன்றுதான். நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. கண்டக்டர்கூட ‘புளியமரமெல்லாம் எறங்கு’ என்றுதான் கத்துவான்.

வருவான், கோபம் தீர்ந்தால் வராமல் எங்கே போவான் என்று எட்டு வருஷமாக மயிலாள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆறுச்சாமியும் இல்லையென்று ஒரு நாள் சொன்னதில்லை. மரத்தை எடுத்துவிடலாம் என்று யார் சொன்னாலும் அவர்தான் முதலில் சண்டைக்குப் போவார்.

ஆனால் மரத்தையும் குறை சொல்வதற்கில்லை. அதற்கும் வயசாகிவிட்டது. அடிமரம் பொந்து விழுந்து கிடக்கிறது. போன வாரக் காற்றில் ஒரு கிளை முறிந்து, வீட்டுக் கூரை ஓட்டைப் பொத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. மத்தியானம் கண்ணயர்ந்திருந்த மயிலாளின் தலைமாட்டுக்கு ஒரு சாண் தள்ளி. மிச்ச மரமும் வீட்டுப் பக்கமாகத்தான் சாய்ந்து நிற்கிறது. இன்னொரு மழைக்குத் தாங்காது என்று பார்த்தவர்களெல்லாம் சொல்லிவிட்டார்கள்.

கட்டிலையாவது நகர்த்திப் போடு என்றால் அதற்கும் மாட்டேன் என்கிறாள். அந்த ஜன்னலில்தான் பஸ் நிற்பது தெரிகிறதாம்.

என்ன செய்வார் மனுஷன்? ஆளைக் கூட்டி வந்துவிட்டார்.

வந்தவர்களில் பெரியவர் சென்னியப்பன் தலையைச் சொறிந்தார்.

“ஏனுங்க, அக்கா சொல்றாப்பல இன்னைக்கு வேண்டாமுங்க. மொத வெட்டுக்கும் ஆள் இல்லீங்க.”

அந்தத் தொழிலில் அப்படி ஒரு கட்டு இருக்கிறது. இத்தனை பெரிய காய்க்கிற மரத்தில் முதல் வெட்டு வெட்டுகிறவனின் பிள்ளைக்கு ஆகாது. மரத்தின் சாபம் நேராக அங்கேதான் போய் விழும். அதனால் பிள்ளையில்லாத சீனிச்சாமியைக் கையோடு கூட்டி வருவார்கள். அவர் ஒரு வெட்டு வெட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். அப்புறம்தான் மற்றவர்கள் கை வைப்பார்கள். பாவம், விசேஷ வீட்டில் முன்னால் வந்து நிற்காதே என்று தள்ளி வைக்கிற ஆளை இதற்கு மட்டும் வீடு தேடிப் போய் அழைப்பார்கள்.

அந்தச் சீனிச்சாமி காய்ச்சலில் படுத்துவிட்டார். வந்திருந்த நாலு பேருமே பிள்ளைகுட்டிக்காரர்கள். மற்ற மூவரும் கோடாரியைத் தொடாமல் தள்ளி நின்றார்கள்.

மயிலாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா! எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

“வெய்யல்ல வந்துட்டீங்க. மோர் கொண்டாறேன், இருந்து குடிச்சுட்டுப் போங்க.”

வீட்டைப் பார்த்து எட்டடி போயிருக்க மாட்டாள்.

“ஐயோ, நீங்க வேண்டாமுங்க! ஒத்தப் பையனைப் பெத்து வெச்சிருக்கீங்க!” என்று சென்னியப்பன் பதறுவது கேட்டுத் திரும்பினாள்.

துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆறுச்சாமி மரத்தடியில் நின்றிருந்தார். கையில் கோடாரி. தடுக்க வந்த சென்னியப்பனின் கையை மெதுவாக விலக்கிவிட்டார்.

மகன் வாசலைத் தாண்டும்போது யாராவது தும்மினால்கூட, திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பின மனுஷர் அவர்.

கோடாரி இறங்கியது. பட்டை தெறித்து மயிலாளின் காலடியில் விழுந்தது.

இரண்டாவது வெட்டு அவர் வெட்டவில்லை. கோடாரியைத் தரையில் ஊன்றிக்கொண்டு, அவளைப் பார்க்காமல் நின்றார்.

மயிலாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்.

“எப்பங்க?”

சென்னியப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆறுச்சாமிக்கு விளங்கியது.

“பழனிக்கு மொட்டையெடுக்கப் போறேன்னு போனனே, மயிலா... பழனிக்குப் போகலை.”

தெய்வசிகாமணி வீட்டை விட்டுப் போன மூன்றாம் மாதம் அது. மகன் நல்லபடியாகத் திரும்பி வர வேண்டுதல் என்று சொல்லிவிட்டுப் போனவர், மழித்த தலையில் சந்தனமும் கையில் பஞ்சாமிர்தமுமாக வந்து சேர்ந்தார். மயிலாள் அதை அக்கம்பக்கம் நாலு வீட்டுக்குக் கொடுத்தாள். பையன் வந்தால் தின்பான் என்று ஒரு கிண்ணம் தனியாக எடுத்து மூடி வைத்தாள்.