ஆறாவது முகம்

மனிதனுக்கு ஆறே உணர்ச்சிகள், உலகெங்கும் அவற்றுக்கு ஒரே முகங்கள் என்பது பேராசிரியர் நல்லசிவத்தின் கோட்பாடு. அவருடைய புத்தகத்துக்கு ஐந்து முகங்கள் கிடைத்துவிட்டன. அருவருப்பு மட்டும் அமையவில்லை. மாணவர்களை முகம் சுளிக்கச் சொன்னால் சிரித்துவிடுகிறார்கள். மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். துறையின் கழிப்பறைகளைக் கழுவும் சௌந்தரியை வரச் சொன்னார். தினமும் நாற்றத்தோடு புழங்குகிறவளிடம் அருவருப்பு ஏராளமாக இருக்கும் என்பது அவர் கணிப்பு.

புழு வைத்த மீனை அவள் முகத்தருகே நீட்டினார்கள். "ஈ மொய்க்கும், மூடி வைங்க சார்" என்றாள். அழுகிய முட்டையை உடைத்தார்கள். பேராசிரியர்தான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கேமராவுடன் நின்ற ஆய்வு மாணவி யாழினி அவரைப் படமெடுக்கவில்லை. அவள் இன்னும் அவரிடம் முனைவர் பட்டம் வாங்கவில்லை.

களைத்துப்போய்த் தேநீர் வரவழைத்தார். தனக்குப் பீங்கான் கோப்பை. சௌந்தரியின் காகிதக் கோப்பையை மேசைமேல் அளவுகோல் நுனியால் தள்ளிவிட்டபடி, "கூச்சப்படாதீங்கம்மா. நான் வித்தியாசம் பாக்குறவன் இல்ல. நீங்களும் எங்க குடும்பம் மாதிரிதான்" என்றார்.

அவளுடைய மேலுதடு உயர்ந்தது. மூக்கு சுருங்கியது. புத்தகத்தில் எழுதியிருந்தபடியே கன்னம் கண்ணை நோக்கி ஏறியது.

"இதுதான்! இதேதான்! எடுத்தியாம்மா?" என்று துள்ளினார் பேராசிரியர்.

"கொஞ்சம் ஆடிருச்சு சார்" என்றாள் யாழினி.

அவர் தவிப்போடு சௌந்தரியின் பக்கம் திரும்பினார். "அந்த முகம் மறுபடி வருமாம்மா?"

"வரும் சார். இப்ப சொன்னீங்கல்ல, அதையே இன்னொருக்கா சொல்லுங்க."