அம்மாவின் இருக்கை

பழைய தொலைக்காட்சி விண்வெளித் தொடர் ஒன்றில், இறந்த விமானியின் இருக்கையைப் புதியவர் முதல் பயணத்தில் நகர்த்தமாட்டார். இன்று எல்லா நிலவுக் கப்பல்களிலும் அதுவே வழக்கம்.

என் மனைவி கோமளவல்லி இறந்தபின், அவள் ஓட்டிய கப்பலை எங்கள் மகள் இசைவாணி எடுத்தாள். அதற்கு மெக்கானிக் நான்.

"முட்டி இடிக்குதுப்பா. அம்மா இவ்ளோ குள்ளமா?"

"அட்டைக் கப்பல் சீரியல்னு கேலி பண்ணுவியே, இப்ப அனுபவி!"

நிலவுக்குப் போய், கன்றிய முழங்கால்களோடு திரும்பினாள்.

"இப்ப சீட்டைப் பின்னாடி தள்ளுப்பா."

ஸ்பேனர் என் கையிலேயே இருந்தது. "இன்னொரு டிரிப் இப்படியே போயேன்மா."

"சீரியல்ல ஒரே டிரிப்தான். அம்மாதானே எத்தனையோ தடவை போட்டுக் காட்டினா?"

நட்டைத் தளர்த்தி இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினேன். கோமளத்தின் கப்பலில் என் மகள் காலை நீட்டி உட்கார்ந்தாள்.